வண்டிக்கு அடியில் ஒரு கறுப்புப் பொட்டு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எனக்குப் பூம்பாறை. பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு வடுகபட்டிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் பிக்அப் ஓட்டுகிறேன். 22 வருடம் ஆகிறது. மேல்மலையில் மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்று எந்த ஊரில் வண்டி நின்றாலும் மெக்கானிக் கொடைக்கானலிலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ வர வேண்டும். அதனால் பாதி வேலையை நாமே கற்றுக்கொண்டிருக்கிறோம். அதில் ஒரே ஒரு வேலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். பின்பக்க டிஃப்ரன்ஷியல், அதாவது இன்ஜின் இழுவையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி, நாம் கிரவுன் என்கிறோமே, அதில் ஆயில் கசிவது.

காலையில் வண்டியை எடுத்த பிறகு, அது நின்ற இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு கிடக்கும். எட்டணா அகலம்தான் இருக்கும். "கிரவுன் கொஞ்சம் கசியத்தான் செய்யும், ஊற்றிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறோம். இன்ஜின் ஆயில் அழுத்தம் குறைந்தால் கண்ணெதிரே சிவப்பு விளக்கு எரிகிறது. கிரவுன் ஆயில் குறைந்தால் எந்த விளக்கும் எரியாது. 'ஊங்' என்று ஓர் ஊளைச் சத்தம் வரும். அந்தச் சத்தம் காதில் விழும்போது உள்ளே பல் தேய ஆரம்பித்திருக்கும்.

அந்த உருண்டை ஹவுசிங்குக்குள், அதாவது இரும்புக் கூட்டுக்குள், நடப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் அரைவட்டம் திரும்புகிறீர்கள். இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவே 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வளைவு முடிவதற்குள் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 4.4 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் இந்த வித்தியாசம் மாறாது. அதைத் தாங்கிக்கொண்டு இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுப்பது உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள். நேர் ரோட்டில் அவை தம் அச்சில் சுற்றாமல் சும்மா இருக்கும், வளைவில்தான் சுற்றும். நம் பாதையில் நேர் ரோடு எங்கே இருக்கிறது?

அதோடு, உள்ளே இருக்கும் பெரிய கிரவுன் சக்கரத்தின் பல்லும் அதைச் சுற்றவைக்கும் சின்னப் பினியன் சக்கரத்தின் பல்லும் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நிற்பதில்லை, பலமாக அழுத்திக்கொண்டே வழுக்கவும் செய்கின்றன. சாதாரண ஆயில் அந்த அழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடும். அதற்காகத்தான் கிரவுன் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து சேர்க்கிறார்கள். டப்பாவில் ஜிஎல்-5 என்று போட்டிருக்கும். அழுகின வாடை அடிப்பது அந்தக் கந்தகத்தால். பூண்டு உரித்த கையில் நிற்கும் வாடைக்கும் கந்தகம்தான் காரணம். ஆனால் இரண்டும் வேறு வேறு வாடை, நம் ஊர்க்காரர்கள் யாருக்கும் குழம்பாது. இந்த மூக்கு பின்னால் ஒரு இடத்தில் உதவப் போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஏழு வருடத்துக்கு முன்னால், மூன்று மாதத்துக்குள் இரண்டு பினியன் ஆயில் சீல் மாற்றினேன். பினியன் தண்டு வெளியே வரும் இடத்தில் ஆயில் கசியாமல் தடுக்கும், உதடு வைத்த ரப்பர் வளையம் அது. முதல் தடவை ஒரு ஒர்க்‌ஷாப்பில், இரண்டாவது தடவை நானே. பத்து நாள் காய்ந்து கிடக்கும், பிறகு மறுபடி ஈரம். மூன்றாவது சீலையும் வாங்கி வைத்துக்கொண்டு, லோடு இறக்கிவிட்டு வந்த சூட்டோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். என் மச்சினன் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, மேலே இது என்ன சேத்துக் கட்டி?" என்றான்.

ஆக்ஸில் ஹவுசிங்கின் மேல்பக்கம் சுண்டைக்காய் அளவில் ஒரு மூடி இருக்கும். பிரீதர் என்பார்கள். என் வண்டியில் அது இருந்த இடமே தெரியவில்லை. செம்மண்ணும் ஆயிலும் கலந்து சுட்ட செங்கல் மாதிரி இறுகிப் போயிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினேன். பொருக்கு உடைந்ததும் 'புஸ்' என்று காற்று வெளியே வந்தது. சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கினால் வருமே, அப்படி. எனக்கு அந்த நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. பிரீதரைக் கழற்றி டீசலில் கழுவி, ஊதிப் பார்த்து மாட்டினேன். வாங்கி வைத்த சீல் உறை பிரிக்காமல் ஒரு வருடம் கிடந்தது.

சுமையோடு ஏறும்போது உள்ளே ஆயில் சூடாகிறது, காற்று விரிகிறது. வெளியேற அதற்கு இருக்கும் ஒரே வழி அந்தச் சின்ன ஓட்டை. அதை மூடிவிட்டால் காற்று சீல் உதட்டைத் தள்ளும், ஆயிலையும் கூட்டிக்கொண்டு வரும். புதுச் சீலாக இருந்தாலும் தள்ளும். இதற்கு எதிர்மாறாகவும் நடக்கும். சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்காற்று சட்டென்று சுருங்கும். பிரீதர் மூடி உடைந்திருந்தால் அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்துக்கு வந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, மொத்தமாக மாற்றத்தான் வேண்டும். ஆகவே சீல் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால், பத்து நிமிடம் செலவழித்துப் பிரீதரைப் பாருங்கள். இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

பிரீதர் நன்றாக இருந்தும் கசிந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சொட்டு விழும் இடத்தை நம்பாதீர்கள். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் இழுத்து ஹவுசிங் முழுக்கப் பூசிவிடும். டீசலும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். பிறகு குழந்தைக்குப் போடும் பவுடரை எடுத்து ஹவுசிங் மேல் தூவுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு தெரியும். அந்தக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் கசியும் இடம். ஜனவரிப் பனியில் இந்தச் சோதனை மேல்மலையில் சரிவராது. குளிரில் ஆயில் கெட்டியாக இருந்து கசிவை மறைத்துவிடும். கீழே காமக்காபட்டி வெயிலுக்கு இறங்கினால்தான் உண்மை தெரியும்.

கோடு பின்மூடியில் தொடங்கினால் பேக்கிங் போயிருக்கிறது. ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டில் தொடங்கினால் வாஷர். இரண்டும் எளிய வேலை. முன்னால், கியர்பாக்ஸிலிருந்து வரும் நீளத் தண்டான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் கப்ளிங்கில் தொடங்கினால் பினியன் சீல்.

சக்கரத்தின் உள்பக்கத்தில், டயர் சுவரில் ஈரம் தெரிந்தால் மட்டும் வேறு எதையும் யோசிக்காதீர்கள். தொட்டு மோந்து பாருங்கள். தண்ணீர் போல மெல்லிசாக இருந்தால் பிரேக் ஆயில். கெட்டியாக, அந்தக் கந்தக வாடையோடு இருந்தால் சக்கரப் பக்கத்து ஆக்ஸில் சீல் போய் கிரவுன் ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்கியிருக்கிறது. இரண்டில் எதுவானாலும் அந்த வண்டியில் ஒரு மூட்டைகூட ஏற்றி மலை இறங்காதீர்கள். ஆயில் ஊறிய பிரேக் ஷூவை பெட்ரோலில் கழுவி மாட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். லைனிங்குக்குள் ஊறிய ஆயில், டிரம் சூடானதும் மறுபடி வெளியே வரும். டிரம் எங்கே சூடாகும்? பெருமாள்மலை தாண்டி இறக்கத்தில்தான். இரண்டு பக்கமும் ஷூவைப் புதிதாகப் போடுங்கள்.

வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன்னால் ஒன்று. சரிவில் நிறுத்தி கியரில் போட்டிருக்கிறோம், நகராது என்று நினைக்கிறோம். ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் அந்தக் கியரின் பிடி போய்விடும். தூக்கிய சக்கரம் காற்றில் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருளும். வளைவில் நமக்கு உதவுகிற டிஃப்ரன்ஷியல் இங்கே காலை வாரிவிடும். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றினால் கியருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. பின்னால் இரண்டையும் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கும் பயன்படாது. முன்சக்கரம் இரண்டுக்கும் இருபுறமும் அண்டை கொடுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள், ஆக்ஸிலுக்குக் கீழே இரும்பு ஸ்டாண்டு வையுங்கள். ஹாலோ பிளாக் கல் வைக்கவே வைக்காதீர்கள், அது முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

பினியன் சீல் மாற்றும் முன், கப்ளிங்கைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் பேரிங் போய்விட்டது, எந்தச் சீலும் நிற்காது, மெக்கானிக்கிடம் போங்கள். ஆட்டம் இல்லையென்றால் துணியலாம். ஷாஃப்ட்டும் கப்ளிங்கும் சேரும் இடத்தில் பெயின்ட் அடையாளம் வைத்து, போல்ட்டைக் கழற்றி, ஷாஃப்ட்டைக் கயிறு போட்டு மேலே கட்டிவிடுங்கள். தொங்கவிடக் கூடாது.

அடுத்தது, கப்ளிங்கைப் பினியன் முனையில் பிடித்திருக்கும் நடு நட்டு. இங்கேதான் பல கிரவுன்கள் பாழாகின்றன. பல வண்டிகளில் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் ஸ்பேசர் ஒன்று இருக்கும். நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி, பேரிங்குக்கு வேண்டிய இறுக்கத்தைக் கொடுக்கும். அதிகமாக நசுங்கிவிட்டால் நட்டைத் தளர்த்தினாலும் பழைய நீளம் திரும்பாது. அதனால் கழற்றுவதற்கு முன் நட்டு, பினியன் முனை, கப்ளிங் மூன்றிலும் ஒரே நேர்கோட்டில் சென்டர் பஞ்சால் புள்ளி குத்திவிடுங்கள். நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்றும் எண்ணி வையுங்கள். திரும்ப மாட்டும்போது அதே மரை எண்ணிக்கையில், அதே புள்ளிக்கு வந்து, ஒரு மயிரிழை தாண்டி நிறுத்துங்கள். காற்றழுத்தத்தில் நட்டு முடுக்கும் ஏர் கன் வேண்டவே வேண்டாம்.

கப்ளிங் வெளியே வந்ததும் அதைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். சீல் உதடு உட்காரும் இடம் கண்ணாடி மாதிரி மின்னும். அந்த மினுமினுப்பின் நடுவே நகத்தை ஓட்டுங்கள். நகம் ஒரு பள்ளத்தில் விழுந்து தட்டினால், வருடக்கணக்கில் ரப்பர் உதடு இரும்பையே அறுத்திருக்கிறது. ரப்பர் இரும்பை அறுக்குமா என்றால், உதட்டில் ஒட்டிய மண்துகள் அறுக்கும். அந்தக் கப்ளிங்கில் புதுச் சீல் போட்டும் பயனில்லை, கப்ளிங்கையும் மாற்றுங்கள். நகம் தட்டாவிட்டால் நைசான உப்புத்தாளில் ஆயில் தொட்டு லேசாகத் துடைத்தால் போதும்.

புதுச் சீலின் ஸ்பிரிங் பக்கம் உள்ளே போக வேண்டும். உதட்டில் ஆயில் தடவி, அதன் விளிம்பு அளவுக்கு ஒரு குழாயை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். ஒரு பக்கம் சரிந்து இறங்கினால் எடுத்துப் போட்டுவிட்டு வேறு சீல் போடுவதுதான் நல்லது. கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே இடைவெளி செட் செய்யும் வேலையை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். அதற்குக் கருவியும் பழகிய கையும் வேண்டும்.

ஆயில் மாற்றுவதாக இருந்தால், முதலில் மேலே ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் கீழே டிரெயினைத் திறக்க வேண்டும். பழைய ஆயிலை வடித்துவிட்டு, மேல் போல்ட் துருப்பிடித்து வராமல் நின்றால் வண்டியை நகர்த்தவே முடியாது. டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும், அது இயல்பு. ஊசி மாதிரியோ சில்லு மாதிரியோ இரும்பு வந்தால் பல் உடைகிறது.

ஊற்றுவது ஓட்டையின் அடி விளிம்பு வரை. ஆனால் வண்டி சமமாக நிற்க வேண்டும், பூம்பாறையில் சமதளம் கிடைப்பது லேசில்லை. ஓட்டை பின்மூடியில் இருக்கிறது, வண்டி மேட்டைப் பார்த்து நிற்கிறது என்றால், ஆயில் பின்னால் சேர்ந்து சீக்கிரமே வழியும். நிறைந்துவிட்டது என்று மூடிவிடுவோம், உள்ளே குறைவாக இருக்கும். பள்ளத்தைப் பார்த்து நின்றால் அதிகம் போய்விடும். அதிகமான ஆயிலைப் பல்சக்கரம் கடைந்து நுரைக்கவைத்து, பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் துப்பும். புதுச் சீல் கசிகிறதே என்று குழம்புவீர்கள். நான் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை வாங்கி, சேஸிஸ் மேல் வைத்து, டயருக்குக் கீழே பலகை போட்டுச் சமன் பார்க்கிறேன். எந்த ஆயில், எத்தனை லிட்டர் என்பதை வண்டியோடு வந்த புத்தகத்தில் பாருங்கள்.

வேலை முடிந்ததும் வெறும் வண்டியாகக் கொடைக்கானல் வரை போய் வாருங்கள். ராத்திரி அடியில் ஒரு அட்டைப்பெட்டியை விரித்து வையுங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தாலும், முதல் லோடு இறக்கும்போது வத்தலக்குண்டில் டீ குடிக்க நிற்பீர்கள் அல்லவா, அங்கே ஒரு தடவை குனிந்து பாருங்கள். மூடியிலும் போல்ட்டிலும் கை வைத்து ஈரம் இருக்கிறதா என்று தடவுங்கள்.

வடித்த ஆயிலை வேலி ஓரத்திலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். நம் படிக்கட்டு வயலில் மேல் பாத்தித் தண்ணீர்தான் கீழ் பாத்திக்கு வருகிறது. கேனில் பிடித்து, இறுக மூடி, பழைய ஆயில் என்று எழுதி வைத்து, அடுத்த லோடு இறங்கும்போது கழிவு ஆயில் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். நான் சீட்டுக்குப் பின்னால் அதற்கென்றே ஐந்து லிட்டர் கேன் ஒன்று வைத்திருக்கிறேன்.

வணக்கம்.