முட்டிக்குக் கீழே மரத்துப்போன இடம்

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கில் பிசியோதெரபி சிகிச்சை அளித்து வருகிறேன்.

ஃபுட்சால் ஆடும்போது முட்டி திருகி, ஜவ்வு அறுந்து, ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு தம்பி மூன்று மாதம் கழித்து என்னிடம் வந்தார். "அக்கா, கைலி உரசினாகூட தெரியல. யாரோட காலோ மாதிரி இருக்கு. நரம்பை வெட்டிட்டாங்களா?" அம்மாவிடம்கூடச் சொல்லாமல் மறைத்திருக்கிறார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டுக்கொண்டே வந்தேன். "தெரியுது, தெரியுது" என்றவர், முட்டிச் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் வந்ததும் பேசாமல் இருந்துவிட்டார். உள்ளங்கை அகலம். பேனாவால் சுற்றி வரைந்து அவருக்கே காட்டினேன்.

தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்துப் புது ஜவ்வு அமைப்பது வழக்கமான ஒரு முறை. அதை எடுக்க முட்டிக்குக் கீழே, உட்பக்கத்தில் தோலைக் கீறுவார்கள். அங்கேதான் மெல்லிய நரம்பு ஒன்று உட்பக்கமிருந்து வெளிப்பக்கம் குறுக்கே போகிறது. ஆளுக்கு ஆள் அதன் பாதை மாறும். கைதேர்ந்த டாக்டர் செய்தாலும் அது அறுபடலாம். ஆனால் அது தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு மட்டுமே, தசையை இயக்குவதில்லை. முட்டி தேறியபின் பந்து உதைக்கலாம், இங்குள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியும் ஏறலாம். மண்டியிடும்போது சிலருக்குச் சுருக்கென்று குத்தும். மரத்த இடம் மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும். கொஞ்சம் தங்கிவிடவும் கூடும். நரம்பு வளர்வது நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தானே! அந்த இடத்தில் சூட்டு ஒத்தடம் மட்டும் வேண்டாம், தோல் வெந்தாலும் தெரியாது.

இதை ஆபரேஷனுக்கு முன்பே யாராவது இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளை மூன்று மாதம் தூக்கம் கெட்டிருக்க மாட்டார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. தயவுசெய்து கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: "டாக்டர், எங்கே மரத்துப் போகும்?"

இன்னொரு நரம்பின் கதை வேறு. முட்டியின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே, ஓர் எலும்பு முண்டு கைக்குத் தட்டுப்படும். அதை ஒட்டி, தோலுக்கு அடியிலேயே சுற்றிப் போகிறது அது. கட்டோ, முட்டியைத் தாங்கப் போடும் பிரேஸோ அங்கே இறுக்கினால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். நடந்தால் சிலிப்பர் முனை தரையில் இழுபடும். அரிதுதான், ஆனால் காத்திருக்கக் கூடாதது.

வார்டில் துணைக்கு இருக்கும் அம்மாக்களே, முதுகில் போட்ட மயக்க மருந்து தெளிந்ததும் பிள்ளையிடம் பாதத்தைத் தன் முகத்தை நோக்கி மேலே மடக்கச் சொல்லுங்கள். மடங்கவில்லையா? விடியட்டும் என்று இருக்காதீர்கள். அப்போதே தாதியைக் கூப்பிடுங்கள்.

வணக்கம்.