கர்சிவ் ரைட்டிங், அதாவது ஆங்கிலக் கூட்டெழுத்து, வேணுமா, வேண்டாமா? எந்த வயசுல வேணும்?

[திரையில்: நாலு கோடு நோட்டு, மிக அருகில். பென்சில் முனை சின்ன ‘ஓ’வை முடிக்கிறது.]

‘ஓ’வுக்கு அடுத்து ‘ஆர்’. ரெண்டையும் கர்சிவ்ல சேர்த்து எழுதணும். பெரும்பாலான எழுத்து கீழ்க்கோட்டுல முடியும், அங்கிருந்தே அடுத்தது கிளம்பும். ஆனா ‘ஓ’, ‘பி’ (b), ‘வி’, ‘டபிள்யூ’ நாலும் மேலேயே முடியும். அதனால ‘ஆர்’ கீழ இருந்து ஏற முடியாது. மேலேயே நீண்டு, ஒரு சின்ன வளைவு எடுத்து, அப்புறம் இறங்கணும். இவ்வளவும் பென்சிலைத் தூக்காம.

இதை நம்ம ஊர்ல நிறைய தனியார் பள்ளிகள் யூகேஜியிலயே எழுதச் சொல்றாங்க. அஞ்சு வயசுக் குழந்தைகிட்ட.

[திரையில்: அச்சு ‘எஸ்’, கர்சிவ் ‘எஸ்’ பக்கத்தில் பக்கத்தில்.]

கணக்குப் போட்டுப் பாருங்க. ஆங்கிலத்துல பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26. கர்சிவ்ல அதே 52-ஐயும் திரும்பக் கத்துக்கணும். மொத்தம் 104. இதுக்கு நடுவுல தமிழ் நோட்டுல 247 எழுத்துக்கு அடிபோட்டாச்சு. பாடப்புத்தகம் முழுக்க அச்செழுத்து. படிக்கிறது ஒரு வடிவம், எழுதுறது இன்னொரு வடிவம். திரையில இருக்கிற ரெண்டும் ஒரே எழுத்துதான்னு அந்தக் குழந்தை எதை வச்சு நம்பும்?

அப்போ கர்சிவே வேண்டாமா? சொல்லிக் கொடுக்கலாம். ஆனா மூணாம் வகுப்புக்கு முன்னாடி வேண்டாம், அழகுக்கு மார்க்கும் வேண்டாம். இதுதான் என் கருத்து.

“கர்சிவ் எழுதினா மூளை வளரும்”னு சொல்வாங்க. இதை நிதானமாப் பார்க்கணும். 2012-ல அமெரிக்காவுல, இந்தியானா பல்கலைக்கழகத்துல கரின் ஜேம்ஸ் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. இன்னும் படிக்கத் தெரியாத, அஞ்சு வயசை ஒட்டின குழந்தைகள். எழுத்துகளை மூணு விதமாப் பழக்கினாங்க: பார்த்துத் தானா எழுதுறது, புள்ளிக்கோட்டு மேல எழுதுறது, கீபோர்டுல தட்டுறது. அப்புறம் எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் பண்ணாங்க. நாம படிக்கும்போது வேலை செய்ற பகுதிகள், தானா எழுதிப் பழகின எழுத்துக்குத்தான் முழிச்சுக்கிச்சு. தட்டினதுக்கும் அப்படி இல்ல, புள்ளி மேல எழுதினதுக்கும் அப்படி இல்ல.

[திரையில்: கர்சிவ் பயிற்சிப் புத்தகம். பக்கம் பக்கமாகப் புள்ளிக்கோடு.]

அந்தக் குழந்தைகள் எழுதினது அச்செழுத்து, கர்சிவ் இல்ல. நாம காசு கொடுத்து வாங்குற கர்சிவ் புத்தகத்துல நிறைய இந்தப் புள்ளிக்கோடுதான். தானா எழுதுற குழந்தைக்கு ஒவ்வொரு தடவையும் எழுத்து வேற வேற மாதிரி கோணலா வரும். எவ்வளவு கோணினாலும் இது ‘ஏ’தான்னு கண்ணு கத்துக்கிறதே அந்தக் கோணல்ல இருந்துதான்னு ஜேம்ஸ் விளக்குறாங்க. ரப்பரால அழிச்சுட்டு “திரும்ப எழுது”ன்னு சொல்ற அப்பா அம்மா எல்லாரும் தயவுசெஞ்சு இதைக் கேளுங்க.

2024-ல நார்வேயில வந்த ஆய்வையும் கர்சிவுக்கு ஆதாரமாக் காட்டுறாங்க. அதுல கல்லூரி மாணவர்கள் டிஜிட்டல் பேனாவால கூட்டெழுத்து எழுதினாங்க, உண்மைதான். ஆனா ஒப்பிட்டது டைப்பிங்கோட. அச்செழுத்தோட இல்ல.

அப்போ வேகம்? பரீட்சையில மூணு மணி நேரம் எழுதணுமே! 1998-ல ஸ்டீவ் கிரஹாம் குழு அமெரிக்க மாணவர்கள்கிட்ட பார்த்தது: முழுக்க கர்சிவ் எழுதுறவங்களையும் முழுக்க அச்செழுத்து எழுதுறவங்களையும் விட, ரெண்டையும் கலந்து எழுதுறவங்கதான் வேகம். உங்க கையெழுத்தையே பாருங்க, அநேகமா அந்தக் கலப்புதான் இருக்கும்.

[திரையில்: உலக வரைபடம்.]

மத்த நாடுகள்ல ஆளுக்கொரு முடிவு. அமெரிக்காவுல 2010-ல வந்த பொதுப் பாடத்தரத்துல கர்சிவுக்கு இடமில்ல. ஆனா கலிபோர்னியா 2023-ல சட்டம் போட்டு, 1 முதல் 6-ஆம் வகுப்பு வரைக்கும் திரும்பக் கொண்டுவந்துச்சு. பின்லாந்து 2016-ல கூட்டெழுத்தைக் கட்டாயத்துல இருந்து எடுத்துச்சு. அச்செழுத்தைக் கையால எழுதுறது அங்க இன்னும் இருக்கு. பிரான்ஸ்ல நேர்மாறு, ஆரம்பத்துலயே கூட்டெழுத்துதான்.

கர்சிவ் ஆதரவாளர்கள் சொல்றதுல என்னை உண்மையிலேயே யோசிக்க வச்சது ஒண்ணு: பழைய ஆவணங்களைப் படிக்க ஆள் வேணும். எழும்பூர்ல இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துல கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துப் பதிவுகள் இருக்கு, கையால எழுதின ஆங்கிலத்துல. நம்ம ஊர் நிலம், வரி, பஞ்சம் எல்லாம் அதுல கிடக்கு. அதைப் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறை வரக்கூடாது. ஆனா படிக்கப் பழக்குறதுக்கு வருஷக்கணக்கா காப்பி ரைட்டிங் எழுத வைக்க வேண்டாம். எட்டாம் வகுப்புல பழைய கடிதங்களைக் கொடுத்து வாசிக்க வைங்க, பழகிடும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துல டீச்சர்கிட்ட கேளுங்க: என் பிள்ளை அச்செழுத்தைப் பார்க்காம, சிரமமில்லாம எழுதுறானா? ஆமான்னா மூணாம் வகுப்புல இருந்து கர்சிவ் தொடங்கலாம். முதல்ல கீழ்க்கோட்டுல முடியுற எழுத்துகள், கடைசியா அந்த ‘ஓ’, ‘பி’, ‘வி’, ‘டபிள்யூ’.

[திரையில்: இடது கையால் எழுதும் குழந்தை. நோட்டு வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது.]

இடது கைப் பழக்கம் உள்ள குழந்தைன்னா, எழுத்து வலப்பக்கம் சாயணும்னு வற்புறுத்தாதீங்க. நோட்டை வலப்பக்கமா கொஞ்சம் திருப்பி வைங்க. பெஞ்சுல இடது ஓரமா உட்கார வைங்க, பக்கத்துல இருக்கிறவங்க முழங்கை இடிக்காது.