பாடியது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் அலுப்பையும் பார்க்காமல் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கும்பகோணத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"வெகுஜன இசையை வணிகம் வாழவைக்கிறதா, வீழ்த்துகிறதா?" என்பது தலைப்பு. வீழ்த்துகிறது என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய சகோதரி, "நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை இலவசமாகவா வாசித்தார்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இலவசமாக வாசிக்கவில்லை, அம்மா. வாசிக்கவும் கூடாது. இசைத்தட்டுகூடக் கொடுத்தார். ஆனால் தோடி ராகத்தை எவ்வளவு நேரம் ஆலாபனை செய்யலாம் என்று பந்தல் போட்டவர் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கலைஞன் காசு வாங்குவது எங்களுக்குக் குறையே இல்லை. காசு போட்டவனே கலைஞனையும் வார்த்து எடுக்கிறானே, அந்த வணிகத்தைத்தான் சொல்கிறோம்.

அமெரிக்காவில் 1965இல் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து நான்கு இளைஞர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். மங்கீஸ் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டு தொலைக்காட்சித் தொடர் வந்தது, இசைத்தட்டும் வந்தது. அந்த முதல் தட்டில் வாத்தியங்களை வாசித்தவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள். பையன்களுக்கு ரோஷம் வந்தது. எங்கள் பாட்டை நாங்களே வாசிப்போம் என்று மல்லுக்கு நின்றார்கள். 1967இல் அவர்களுடைய இசையைக் கையில் வைத்திருந்த டான் கிர்ஷ்னர் வேலையிழந்தார். அடுத்து அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆர்ச்சீஸ் என்ற குழுவுக்குப் பாட்டுத் தயாரித்தார். அது கார்ட்டூன் குழு! சம்பளம் கேட்காது, சண்டை போடாது. 1969இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அந்தக் கார்ட்டூன் பாடிய பாட்டு. எதிரணி சொல்லும் வணிகம் எப்படிப்பட்ட கலைஞனைத் தேடுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

மனிதர்களையே கார்ட்டூனாக்கிய கதையும் உண்டு. மில்லி வனில்லி என்ற பெயரில் பாப் பாடகர்களாக வலம்வந்த இருவர். பார்க்க லட்சணமானவர்கள், நன்றாக ஆடுவார்கள். 1989இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு மேடை. பின்னால் ஓடிய பதிவு சிக்கிக்கொண்டு, ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடியது. ஒருவர் மேடையை விட்டே ஓடினார். அதற்குப் பிறகும் அடுத்த பிப்ரவரியில் அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமி விருது கொடுத்தார்கள்! நவம்பரில், அவர்கள் பாடவே இல்லை என்று தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனே ஒப்புக்கொண்டார், விருது பறிபோனது. ஊர் சிரித்தது யாரைப் பார்த்து? ஆடிய இருவரைப் பார்த்து. அவர்களில் ஒருவர் 1998இல் இறந்துபோனார். ஃபாரியனோ 1991இலேயே உண்மையில் பாடியவர்களை வைத்து இன்னொரு ஆல்பம் கொண்டுவந்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். மாயவரம் பக்கம் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரியில் நானும் சிரித்தேன். பாடகர் இருமினார். முன்வரிசைப் பாட்டி ஒருவர், "தம்பி, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் பாடப்பா" என்றார். தம்பியும் மைக்கை இடுப்புக்கு இறக்கிவிட்டு நிதானமாகக் குடித்தார். பல்லவி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் இருந்த மடிக்கணினிக்குத் தாகமே எடுக்கவில்லை.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனமும் தொழிற்சாலைதானே, நல்ல பாட்டுத் தரவில்லையா என்றார் எதிரணித் தலைவர். தந்தது, மறுக்கவில்லை. அதை 1959இல் தொடங்கிய பெர்ரி கோர்டி, கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்தான். பாடியவர்களும் அசல் பாடகர்கள். ஆனால் அந்தப் பாட்டுகளுக்கெல்லாம் வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் என்ற வாத்தியக் குழுவின் பெயர் 1971 வரை தட்டின் உறையில் ஏறவில்லை. உங்கள் சிறந்த உதாரணத்தின் யோக்கியதையே இது. கொரியாவில் 13 ஆண்டு ஒப்பந்தம் என்று ஒரு குழுவைக் கட்டிப்போட்டார்கள்; 2009இல் அதிலிருந்த மூன்று பேர் நீதிமன்றம் ஏறினார்கள். இந்தியாவில்தான் 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமை கொடுத்துவிட்டார்களே என்கிறீர்கள். வணிகம் தானாகக் கொடுத்திருந்தால் நாடாளுமன்றத்துக்கு அங்கே என்ன வேலை, ஐயா?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்து வரும் எதிரணி நண்பர், மில்லி வனில்லிக்காக உண்மையில் பாடியவர்களில் ஒருவருடைய பெயரையாவது சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும். கைப்பேசியைப் பார்க்காமல். நன்றி, வணக்கம்.