வேலி ஓரத்தில் நிற்பவன்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். வெளியே மாரி மழை பிடித்துவிட்டது. இந்த நேரம் பார்த்துப் பேய்ப்படம் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். 'ஹாலோவீன்' என்ற அமெரிக்கப் பட வரிசையில் 1978 முதல் 2022 வரை 13 படங்கள் வந்திருக்கின்றன. அவற்றைத் தரம் பிரித்துச் சொல்ல வேண்டுமாம். பதின்மூன்றையும் பார்த்தவன் திருகோணமலையில் நான் ஒருவன்தான் என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் நினைக்கிறார் போல. அப்படி இருக்காது. பார்த்ததை வெளியே சொல்பவன் நான், அவ்வளவுதான்.

பேய்ப்படம் என்றேன், ஆனால் இதில் பேய் கிடையாது. முகமூடி போட்ட ஒரு மனிதன், கையில் ஒரு சமையல் கத்தி. மைக்கேல் மையர்ஸ் என்று பெயர். பள்ளிக்கூடக் காலத்தில் நானும் என் கூட்டாளியும் அவனுக்கு வைத்த பெயர் வெள்ளை முகத்தான். ஆறு வயதில் சொந்த அக்காவைக் குத்திக் கொல்கிறான். பதினைந்து வருடம் மனநல விடுதியில் வாய் திறக்காமல் இருக்கிறான். பிறகு தப்பி வந்து, சொந்த ஊரிலேயே பெண்பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கொல்கிறான். ஏன்? முதல் படம் அதைச் சொல்லவே இல்லை.

அந்த 'ஏன்'தான் என்னுடைய அளவுகோல். சின்ன வயதில் அம்மம்மா புளியமரத்து முனியைப் பற்றிச் சொல்லுவா. "அது ஏன் அம்மம்மா அந்த மரத்தில நிக்குது?" என்று கேட்டால், "அது நிக்குது. நீ அந்தப் பக்கம் போகாத" என்பதோடு கதை முடிந்துவிடும். எனக்கு இரவெல்லாம் நித்திரை வராது. பிறகு ஒரு சித்தப்பா வந்து, அது முந்தி ஒரு கடனாளி, கடன் தாங்காமல் தூக்குப் போட்டவன் என்று விளக்கம் சொன்னார். அன்றிலிருந்து அந்த மரத்தைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பயம் போய்விட்டது.

இந்தப் பட வரிசையிலும் அப்படி நிறையச் சித்தப்பாமார் வந்து போனார்கள்.

முதல் சித்தப்பா வேறு யாருமில்லை, முதல் படத்தை எடுத்த ஜோன் கார்ப்பென்டரேதான். 1981 இல் வந்த இரண்டாம் படத்துக்கு அவரும் டெப்ரா ஹில்லும் கதை எழுதினார்கள். அதே இரவு, இந்த முறை ஆஸ்பத்திரி. கொலைகாரனுக்குத் தப்பிய லோரி என்ற பெண் அவனுடைய சொந்தத் தங்கை என்று அதில் ஒரு திருப்பம் வைத்தார்கள். அண்ணன் தங்கை கதை பார்க்க நமக்குத் தமிழ்ப் படங்கள் போதாதா? அந்த நடைகூடக் காட்சிகள் நன்றாகத்தான் இருக்கும், அதற்காக ஆறாம் இடம் தரலாம். ஆனால் அங்கே விழுந்த முடிச்சை அவிழ்க்க வந்தவர்கள் எல்லாரும் இன்னும் இறுக்கினார்கள். 1995 படத்தில் ஒரு இரகசியக் கூட்டம், ஒரு பழைய சாபக் குறி, வானத்து நட்சத்திரக் கணக்கு. சாத்திரியாரிடம் குறிப்புப் பார்த்த மாதிரி இருந்தது. 2007 இல் ரொப் சொம்பி எடுத்ததில் பையனின் வீட்டு வறுமை, அடி, உதை, பள்ளிக்கூடச் சண்டை என்று முழுப் பிள்ளைப் பருவமும் காட்டப்படுகிறது. உழைப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் கடனாளியின் கதைதான். 1989, 2009 இரண்டையும் நேரம் கருதி விட்டுவிடுகிறேன். பார்த்தவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

கடைசி இடம் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, 2002 படம். அதற்கு முந்திய 1998 படத்தின் முடிவில், இருபது வருடம் பயந்து வாழ்ந்த லோரி கோடரியை எடுத்து அவன் தலையை ஒரே வெட்டாக வெட்டுகிறாள். அருமையான முடிவு. அந்தப் படத்துக்கு நான் மூன்றாம் இடம் தருவது பெரும்பாலும் அந்த ஒரு வெட்டுக்காகத்தான். நான்கு வருடம் கழித்து வந்து என்ன சொன்னார்கள் தெரியுமா? தலை போனது அவனுடையது இல்லையாம், முகமூடியை மாட்டிவிடப்பட்ட ஒரு அம்புலன்ஸ் ஊழியருடையதாம்! சொல்லிவிட்டு, படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் லோரியையும் கொன்றுவிட்டார்கள். எனக்கு ரிமோட்டை எறியவேண்டும் போல இருந்தது.

2018 இல் வந்தவர்கள் நடுவில் வந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முதல் படத்துக்கு நேரே அடுத்த கதை என்றார்கள். அண்ணன் தங்கை என்பது சனங்கள் கட்டிவிட்ட கதை என்று அதில் ஒரு பிள்ளை போகிறபோக்கில் சொல்லும். அதைக் கேட்டுத் தனியே இருந்து கை தட்டினேன். நான்காம் இடம். அதன் பின்னால் வந்த இரண்டும் அந்த நல்ல பெயரைச் செலவழித்துத் தீர்த்தன. 1988 படத்துக்கு ஐந்தாம் இடம். அதில் நடித்த சின்னப்பிள்ளை டனியெல் ஹரிஸின் முகத்துக்காக.

இரண்டாம் இடத்தைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. 1982 இல் வந்த மூன்றாம் படம், அதில் வெள்ளை முகத்தானே இல்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு கதை எடுப்போம் என்பது அப்போதைய எண்ணம். ஒரு கம்பனி பிள்ளைகளுக்கு முகமூடி விற்கிறது; தொலைக்காட்சியில் அதன் விளம்பரப் பாட்டு ஓயாமல் ஓடுகிறது; குறித்த நேரத்தில் அந்த விளம்பரத்தைப் பார்க்கும் பிள்ளைகள் சாக வேண்டும் என்பது திட்டம். கடைசியில் நாயகன் தொலைபேசியில் "நிறுத்துங்கள், நிறுத்துங்கள்" என்று கத்துகிறான். ஒரு அலைவரிசையில் அது ஓடிக்கொண்டே இருக்க, படம் முடிந்துவிடுகிறது. கத்திக்காரன் எங்கே என்று கேட்டு அப்போதைய ரசிகர்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். அதை இயக்கிய டொமி லீ வொலஸ்தான் முதல் படத்தின் முகமூடியையும் செய்தவர். இரண்டு டொலருக்கும் குறைந்த விலையில் கடையில் விற்ற முகமூடி அது, 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் வரும் கப்டன் கேர்க்கின் முகம். கண் ஓட்டைகளைப் பெரிதாக்கி, வெள்ளை மை அடித்தார், அவ்வளவுதான்.

முதல் இடம் எதற்கு என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். சுமார் 3 இலட்சம் டொலர் செலவில், கலிபோர்னியாவில், வசந்த காலத்தில் எடுத்த படம். கதையோ இலையுதிர் காலத்தில் நடக்கிறது. அதனால் இலைகளுக்கு நிறம் பூசிக் கொட்டி, ஒரு காட்சி முடிய அவற்றையே பொறுக்கி அடுத்த காட்சிக்குக் கொட்டினார்கள். இசையும் கார்ப்பென்டர்தான். அந்தப் பியானோ ஓட்டம் ஐந்து எண்ணிக்கையில் போகிறது. நம் கோயில் தவில்காரரிடம் கேட்டால் கண்டம் என்பார். நாலில் முடியும் என்று காது எதிர்பார்க்கும் இடத்தில் இன்னும் ஒன்று மிஞ்சி நிற்கும்.

நான் அதைப் பார்த்தது எண்பதுகளின் நடுவில், உவர்மலையில் கூட்டாளி வீட்டில், வாடகை டெக்கில். கொப்பிக்குக் கொப்பி எடுத்துத் தேய்ந்த கசெற். படம் முழுக்கக் கோடு. அந்தக் கோடுகளுக்குள் வெள்ளை முகம் இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் ஓடுவதே இல்லை. பட்டப்பகலில் வேலி ஓரத்தில் நின்று பார்க்கிறான். மறுபடி பார்த்தால் ஆள் இல்லை. கடைசியில் ஆறு சூடு வாங்கி மாடியிலிருந்து விழுகிறான். அவனைத் தேடி வந்து சுட்ட மனநல டொக்டர் எட்டிப் பார்க்கிறார், புல்தரை வெறுமையாகக் கிடக்கிறது. பிறகு வீட்டின் வெற்று அறைகள் ஒவ்வொன்றாக வருகின்றன, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது.

நேரத்தோடு கதவைப் பூட்டிய காலம் அது. அந்தப் பயத்துக்குக் காரணம் சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள், அதை விடுவோம். பொழுதுபட நாங்கள் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் கடற்கரைப் பக்கமாக இறங்கினோம். டைனமோ வெளிச்சத்தில் மைதான ஓரம் இரண்டு கண் மின்னின. நம்மூர் மான்தான், தெரியும். தெரிந்தாலும் அது அசையவில்லை. மணி அடித்தோம். அப்போதும் நின்று பார்த்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சுற்றுப் பாதையால் வீட்டுக்குப் போனோம்.