3 ஈத்து, 9 கன்று: ஒரு பசுவின் சினைப்பை ரகசியம்

(திரையில்: ஒரு பசு, பின்னால் வரிசையாக 9 கன்றுகள்)

ஒரே பசு. 3 ஈத்து. மொத்தம் 9 கன்று! நியூசிலாந்தில் ட்ரெபிள் என்ற பசு, மும்மூன்றாக மூன்று தடவை ஈன்றது. மாடு வளர்ப்பவரிடம் சொல்லிப் பாருங்கள், உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

பசுவுக்கு ஏன் ஒரு கன்று? சட்டென்று சொல்லிவிடுகிறேன். சினைப்பையில் முட்டையைச் சுமக்கும் நீர்க்குமிழ்கள் பல ஒன்றாக வளர ஆரம்பிக்கும். எல்லாவற்றுக்கும் தீனி எஃப்.எஸ்.எச். ஹார்மோன். ஹோல்ஸ்டீன் மாட்டில் சுமார் 8.5 மில்லிமீட்டரைத் தொட்ட முதல் குமிழ், தன் சுரப்பால் எஃப்.எஸ்.எச்.சைக் குறைத்துவிட்டு, தான் மட்டும் எல்.எச். ஹார்மோனுக்கு மாறிக்கொள்ளும். மற்றவை பட்டினியில் சுருங்கும். பந்தியில் முதல் ஆள் சாம்பார் வாளியோடு எழுந்து போன மாதிரி!

ட்ரெபிள் வம்சத்தில் வந்த காளை ட்ரையோ. அதன் விந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தது. அங்கே பிரையன் கர்க்பேட்ரிக் குழு அதன் பெண் வாரிசுகளை ஆராய்ந்து, இந்தக் குணத்துக்குக் காரணமான ஓர் இடத்தை 10-வது குரோமோசோமில் பிடித்தது. சந்தேகம் விழுந்த ஜீன் ஸ்மேட்-6. குமிழின் உள்சுவர் செல்களில் அது வழக்கத்தைவிட 6 மடங்குக்கும் மேல் வேலை செய்கிறது. முட்டை அனுப்பும் வளர்ச்சிச் சேதியை மட்டுப்படுத்துவதே அதன் தொழில். அதனால் குமிழ்கள் நிதானமாக வளர்ந்து, சின்ன உருவத்திலேயே முதிர்கின்றன.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒவ்வொரு குமிழும் வழக்கமான குமிழில் மூன்றிலோ நாலிலோ ஒரு பங்குதான். எல்லாவற்றையும் கூட்டினால்? கிட்டத்தட்ட ஒரு பெரிய குமிழ்! ஒரே கரண்டி மாவில் ஒரு தோசைக்குப் பதில் மூன்று குட்டித் தோசை. சின்னக் குமிழ் என்பதால் சுரப்பும் கொஞ்சம். எஃப்.எஸ்.எச்.சை வீழ்த்த மூன்று நாலு பேர் சேர வேண்டியிருக்கிறது. அதற்குள் அத்தனை பேரும் கரை சேர்ந்துவிடுகிறார்கள். இதை முதலில் படித்தபோது நான் கைதட்டினேன், வீட்டில் யாரும் கூடச் சேரவில்லை.

(ஆட்டிலும் இதே பாதைதான். சுந்தரவனத்துக் கரோல் செம்மறி ஆடு குட்டிகளைக் கூட்டமாகப் போடுவதற்குக் காரணமான பி.எம்.பி.ஆர்.1பி ஜீன், இந்தச் சேதியை வாங்கும் வாசல்.)

சரி, இந்த ஜீனை நம் கறவை மாட்டுக்கும் ஏற்றலாமா? வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. வயிற்றில் காளைக்கன்றோடு சேர்ந்து வளரும் கிடாரிக்கன்று, பத்தில் ஒன்பது மலடு. இரண்டின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்களும் ஒட்டிக்கொள்ளும்; அண்ணனின் ஏ.எம்.எச். ஹார்மோன் தங்கையின் சினைப்பையை வளரவிடாது. மும்மூன்றாக ஈனும் ஜீனை உடம்பில் வைத்துக்கொண்டு ஒரு கன்றுகூட ஈனாத கிடாரி! என்ன கொடுமை பாருங்கள்.

உங்கள் வீட்டு மாடு காளையும் கிடாரியுமாக இரட்டை ஈன்றிருக்கிறதா? அந்தக் கிடாரி பிறகு சினை பிடித்ததா? கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.