ஒரே பாறையில் நாலு பேர்

(மதுரையில் ஒரு கல்லூரிப் புகைப்பட மன்றத்தின் தொடக்க விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும் எதிரே இருக்கும் மாணவ நண்பர்களுக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'புகைப்படக் கலைஞர்' என்று போட்டிருக்கிறீர்கள். நான் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன். படம் எடுத்து ஒரு ரூபாய் சம்பாதித்தது கிடையாது. கல்யாண வீடுகளில் நின்று தொழில் பழகியவர்கள் நம்மூரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். நான் இதைச் சந்தோஷத்துக்காக மட்டும் செய்கிறேன். அதனால் அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். எந்த கேமரா வாங்கலாம் என்று யாரும் கேட்க வேண்டாம். கையில் இருப்பது போதும்.

எங்கள் குழுவில் நாலு பேர். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், பைக் மெக்கானிக் ஒருவர், வங்கியில் ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், அப்புறம் நான். குழுவுக்குப் பெயர் கிடையாது, பேனர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு கிளம்புவோம். யானைமலைக்கு என்றால் ஒத்தக்கடையில் டீ, சமணர்மலைக்கு என்றால் நாகமலைப் புதுக்கோட்டையில் டீ. வெளிச்சம் வரும்போது பாறை மேல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், அதற்கு நம்மூரின் இருப்பிடம் காரணம். மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 10 டிகிரியில் இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேர்குத்தாக ஏறும். அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயரத்துக்கு வர சுமார் 25 நிமிடம்தான் ஆகும். பாறையின் ஒவ்வொரு மடிப்புக்கும் நிழல் விழுகிற அந்தச் சாய்ந்த பொன்வெளிச்சம் அதற்குள் முடிந்துவிடும். ஐரோப்பாவில் சூரியன் படுத்துக்கொண்டே ஏறுவதால் அதே வெளிச்சம் வெகுநேரம் நிற்கும். அங்கே இருப்பவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நிதானமாக ட்ரைபாடை விரித்தால், நமக்கு மிஞ்சுவது வெயில்தான்.

25 நிமிடத்தில் ஒரு ஆள் ஒரு இடத்தில்தான் நிற்க முடியும். நாலு பேர் நாலு இடத்தில் நிற்கலாம். கூட்டாகப் போவதில் முதல் லாபம் இது. இன்னொரு லாபம் நடைமுறை சார்ந்தது. விடியாத நேரத்தில் வழுக்குப் பாறையில் தனியாக ஏறுவது முட்டாள்தனம், கால் பிசகினால் கூப்பிடக்கூட ஆள் இருக்காது. பெண் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப வீட்டில் யோசிப்பார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து போனால் அனுப்புவார்கள், அனுப்பவும் வேண்டும். மன்றம் இதையாவது செய்து கொடுத்தால் பெரிய காரியம்.

ஆனால் நான் சொல்ல வந்தது இந்த இரண்டும் இல்லை.

சமணர்மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடி உங்களில் பலருக்குத் தெரியும். அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரங்கள், அய்யனார் கோவில். படியேறினால் பேச்சிப்பள்ளம், சுனை, அதை ஒட்டிய பாறையில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள், கீழே பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு. ஒருமுறை நாங்கள் நாலு பேரும் அங்கே ஒரே பாறையில் தோளோடு தோளாக நின்று படம் எடுத்தோம். ஒரே வெளிச்சம், ஒரே மலை. இறங்கி வந்து ஆலமரத்தடியில் உட்கார்ந்து ஒருவர் கேமராவை இன்னொருவர் வாங்கிப் பார்த்தோம். வாத்தியார் படத்தில் பாறையும் எழுத்தும்தான் இருந்தன, வானமே இல்லை. ஐயா படத்தில் முக்கால்வாசி வானம், கீழே ஒரு கோடாகத்தான் மலை. மெக்கானிக் தம்பி தூரத்து ரோட்டில் லைட் போட்டுக்கொண்டு வந்த பஸ்ஸுக்காகக் காத்திருந்து எடுத்திருந்தான். என் கேமராவைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "அண்ணே, ஒங்க படத்துல பூராம் ஒரு கரண்ட் கம்பம் நிக்குதே, கவனிச்சிருக்கீகளா?"

நான் கவனித்ததே இல்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். வயல் என்றால் ஓரத்தில் கம்பம், கண்மாய் என்றால் தண்ணீரில் கம்பியின் நிழல், நாகமலை என்றால் அதன் முன்னால் உயர்மின் கோபுரம். மற்றவர்கள் இரண்டடி நகர்ந்து நின்று மறைக்கிற பொருளை நான் தேடிப்போய்ச் சேர்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் என் கண்ணுக்கு எது பிடிக்கும் என்று எனக்கே தெரிந்தது. தனியாகவே சுற்றிக்கொண்டிருந்தால் கடைசிவரை தெரிந்திருக்காது. நம் கண் எங்கே போகிறது என்பதை நம் கண்ணால் பார்க்க முடியாது, பக்கத்தில் நிற்கிறவன்தான் சொல்ல வேண்டும். தெரிந்த பிறகு ஒரு தைரியம் வந்தது. இப்போது கம்பத்தை வெட்கப்படாமல் நடுவிலேயே வைக்கிறேன். ஐயாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. போகட்டும்.

ஒத்த ரசனை உள்ளவர்கள் என்றால் ஒரே மாதிரி படம் எடுப்பவர்கள் என்று நினைக்காதீர்கள். 1932-ல் சான் பிரான்சிஸ்கோவில் சில நண்பர்கள் சேர்ந்து 'எஃப் 64' என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறிதாகும். பெரிய கேமராவில் துளையை அந்த அளவுக்குச் சிறிதாக்கினால் கிட்டத்துக் கல்லிலிருந்து தூரத்து மலைவரை எல்லாம் கூர்மையாக விழும். அதுதான் பெயர்க் காரணம். ஓவியம் மாதிரி மங்கலாக எடுப்பதுதான் கலை என்ற அந்தக் காலத்து எண்ணத்தை அவர்கள் எதிர்த்தார்கள். கொள்கை ஒன்றுதான். ஆனால் அன்செல் ஆடம்ஸ் மலைகளை எடுத்தார், எட்வர்ட் வெஸ்டன் குடைமிளகாயை எடுத்தார், இமோஜன் கன்னிங்ஹாம் பூக்களை எடுத்தார். குழு சில வருடங்களில் கலைந்துவிட்டது. (இதைக் கேட்டுவிட்டு யாரும் உங்கள் சின்ன கேமராவில் எஃப் 22-க்குப் போக வேண்டாம். துளை அளவுக்கு மீறிச் சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் சிதறிப் படம் மங்கும். எஃப் 8, எஃப் 11 தாராளம்.)

அதே ஆடம்ஸ் 25 வயதில், 1927 ஏப்ரலில், அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் என்ற பெரும்பாறையை எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அன்று அவர் தனியாகப் போகவில்லை. பின்னால் மனைவியான வர்ஜீனியாவோடும் சில நண்பர்களோடும் பனியில் ஏறிப் போயிருக்கிறார். பாறைக்கு எதிரே வந்து சேர்ந்தபோது மிச்சம் இருந்தவை படம் பதியும் கண்ணாடித் தகடுகள் இரண்டே. ஒன்றை மஞ்சள் ஃபில்டரோடு எடுத்தார். வானம் வெளிறிப்போகும் என்று தோன்றவே, மீதியிருந்த ஒன்றைச் சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தார். நீல வானம் ஏறக்குறைய கறுப்பாக விழுந்தது. அவர் மனதில் இருந்த மலை அதுதான்.

இந்த வானத்துச் சிக்கல் நம்ம யானைமலைக்கும் வந்திருக்கிறது. 1858-ன் தொடக்கத்தில் லினேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரைக்கு வந்தார். கோவில், அரண்மனையோடு நிற்காமல் யானைமலையையும் எடுத்தார். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். அந்தக் காலத்து ரசாயனத்துக்கு நீல நிறம் மட்டும் அளவுக்கு மீறி உறைக்கும் என்பதால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? பல நெகட்டிவ்களில் மேகத்தைத் தூரிகையால் தீட்டிச் சேர்த்தார். 'எடிட் பண்ணலாமா, கூடாதா' என்று உங்களுக்குள் சண்டை வந்தால், அந்தச் சண்டைக்கு மதுரையில் 160 வருடத்துக்கு மேல் வயது ஆகிவிட்டது என்று சொல்லுங்கள். என் கட்சி: வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், இல்லாத மேகத்தை ஒட்டக் கூடாது. மெக்கானிக் தம்பி இதை ஒப்புக்கொள்ள மாட்டான்.

ஒரே மலைக்குத் திரும்பத் திரும்பப் போனால் அலுக்காதா என்று கேட்பார்கள். சூரியன் உதிக்கும் இடம் ஆனி மாதத்துக்கும் மார்கழிக்கும் இடையே அடிவானத்தில் 47 டிகிரிக்கு மேல் நகர்கிறது. நகரத்துப் பக்கமிருந்து பார்த்தால் ஆனியில் யானைமலைக்குப் பின்னால் வெளிச்சம், மலை வெறும் கறுப்பு உருவம். மார்கழியில் பக்கவாட்டு வெளிச்சம், பாறையின் சுருக்கமெல்லாம் தெரியும். ஐப்பசி மழை பெய்த மறுநாள் காற்றில் தூசி இருக்காது. அன்று உயரத்தில் நின்றால் சிறுமலையும் அதற்குப் பின்னால் கொடைக்கானல் மலையும் ஒன்றைவிட ஒன்று வெளிறிய நீலத்தில் தெரியும். அந்தக் காலையில் கடையைத் திறக்கத் தாமதமானால் ஆகட்டும் என்று விட்டுவிடுவேன்.

அகத்திணைக்கு முதற்பொருளாகத் தொல்காப்பியர் வைத்தது நிலமும் பொழுதும். நாங்கள் வெளிச்சத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வாத்தியார் இதை எடுத்துக்கொண்டு வருவார். மருதத்துக்கு வைகறை, பாலைக்கு நண்பகல் என்று வகுத்திருப்பதைக் காட்டி, "பாலையை எடுக்கணும்னா உச்சி வெயில்லதான் போகணும், எல்லாத்தையும் பொன்வெளிச்சத்துல எடுத்தா எப்படி?" என்பார். முதலில் சிரித்தோம். ஒருநாள் சித்திரை வெயிலில் எங்களை மேலூர்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ஏப்ரல் நடுவில் நம்மூரில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும், கம்பத்துக்குக்கூட நிழல் இருக்காது. கீழவளவு வட்டாரத்தில் கிரானைட்டுக்காக மலையைச் செங்குத்தாக அறுத்த சுவர்கள், குழியில் பச்சைத் தண்ணீர், மேலே வெள்ளையாகக் கொதிக்கிற வானம். அறுபட்ட பாறைக்குக் கொஞ்ச தூரத்திலேயே சமண முனிவர்களின் கற்படுக்கைகள், தமிழி என்ற பழைய எழுத்தில் கல்வெட்டு. காலை வெளிச்சத்தில் எடுத்திருந்தால் அந்தக் குழிகூட அழகாக இருந்திருக்கும். அது பொய். அன்று வாத்தியார் எடுத்த படம் எங்கள் நாலு பேர் படங்களிலும் சிறந்தது என்பது என் தீர்ப்பு. பார்க்க இதமான படம் இல்லை.

அதே மேலூர்ப் பக்கம் மார்கழி விடியலில் போனால் நெல்வயல்மேல் பனிமூட்டம். 'இயற்கைக் காட்சி' என்று அதற்குத் தலைப்பு வைப்போம். உண்மையில் 1895-ல் பெரியாறு அணை வந்து, அரபிக்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் திரும்பியதால் செழித்த பச்சை அது. கண்மாயும் மனுசன் வெட்டியதுதான். நிலக்காட்சியில் ஆள், மாடு, கம்பி எதுவும் இருக்கக் கூடாது என்பது பெரும் காடுகளும் பனிமலைகளும் உள்ள நாட்டுக்காரர்கள் பழக்கம். நம்ம பக்கம் அப்படி ஒரு நிலத்தைத் தேடினால் நாள் முழுக்க நடக்க வேண்டியதுதான். வரப்பில் கால் வைக்குமுன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நெல் அறுக்கிற நேரத்தில் அவர் உங்களுக்கு போஸ் கொடுக்க நேரமில்லாதவர்.

மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியைப் பற்றிச் சொல்லாமல் இறங்க முடியாது. ஏழு குன்றுகள், பாண்டியர் காலக் குடைவரை, லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் வந்து அமரும் பாறை விளிம்புகள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் 193 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான பரப்பு, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அதையும் உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அதைச் செய்தவர்கள் அந்த ஊர் மக்கள், படம் எடுத்தவர்கள் இல்லை. நாங்கள் அங்கே விருந்தாளிகள். கூடு இருக்கும் பாறைக்குப் பக்கத்தில் போக மாட்டோம், ட்ரோன் பறக்கவிட மாட்டோம், கோவில் எல்லையில் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுவோம்.

படத்தைப் பார்க்கும் முறையிலும் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. 'சூப்பர்' என்று சொல்லக் கூடாது. எங்கே முதலில் கண் போனது, எங்கே சிக்கியது என்று மட்டும் சொல்ல வேண்டும். போட்டிகளுக்குப் படம் அனுப்புவதை நான் தடுக்கவில்லை, ஆனால் போட்டிக்காகவே எடுக்க ஆரம்பித்தவர்கள் கொஞ்ச நாளில் நடுவருக்குப் பிடித்த படத்தைத்தான் எடுக்கிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நடுவர் உங்களோடு விடியற்காலையில் பாறை மேல் ஏறப் போவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலை ஒட்டி, நாங்கள் ஆளுக்கொரு படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு மாற்றிக்கொள்வோம். நம் படத்தை நாமே தேர்ந்தெடுக்கக் கூடாது, மற்ற மூவரும் தேர்ந்தெடுப்பார்கள். ஐயா வீட்டுக் கூடத்தில் என் படம் ஒன்று மாட்டியிருக்கிறது, கம்பத்தோடு. அவர் மனைவிக்குப் பிடித்திருக்கிறதாம்.

சரி, நேரம் ஆகிவிட்டது. மன்றத்தின் முதல் பயணத்துக்கு இடம் சொல்லச் சொன்னார்கள். சாமநத்தம் கண்மாய்க்குப் போங்கள். பக்கம்தான், ஏற வேண்டிய மலை இல்லை, தண்ணீர் இருக்கும் மாதங்களில் நாரையும் கூழைக்கடாவும் இருக்கும். செல்போன் போதும். பழைய செருப்பாகப் போட்டு வாருங்கள், கரையோரம் சேறு. தண்ணீர் பாட்டிலைத் திருப்பி எடுத்து வர ஒரு பை கொண்டு வாருங்கள். வருகிறவர்கள் செயலாளரிடம் இன்றே பெயர் கொடுத்துவிட்டால் எத்தனை வண்டி என்று முடிவு செய்ய வசதியாக இருக்கும். நாங்கள் நாலு பேரும் வருகிறோம்.

நன்றி, வணக்கம்.