லாரிக்காரர் ஏன் அந்த மண் திடலில் நிறுத்துகிறார்?

[இரவு, நெடுஞ்சாலை, காருக்குள் இருந்து எடுத்த காட்சி]

நள்ளிரவு ஒன்றரை மணி, கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் போகும் சாலை, அதாவது பழைய என்எச் 7, இப்போதைய 44. இடதுபக்கம் பெரிய ஓட்டல், சீரியல் லைட், காபி கடை, சுத்தமான கழிப்பறை, வாசல் முழுக்கக் கார்களும் ஆம்னி பஸ்களும். கொஞ்சம் தள்ளி ஒரு மண் திடல், ஒரே ஒரு டியூப்லைட், தகரக் கொட்டகையில் ஒரு தாபா, அங்கே லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அவ்வளவு வசதியை விட்டுவிட்டு ஏன் இங்கே வருகிறார்கள்?

காரில் போகிற நாம் முதலில் பார்ப்பது கழிப்பறையை, அப்புறம் சாப்பாட்டை. லாரி ஓட்டுநர் முதலில் பார்ப்பது, உட்கார்ந்த இடத்திலிருந்து தன் வண்டி கண்ணில் படுமா என்பதை. தார்ப்பாயைக் கிழித்துச் சரக்கை எடுப்பார்கள், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுவார்கள், ஸ்டெப்னியும் பேட்டரியும்கூடக் காணாமல் போகும், எது போனாலும் கேள்வி வருவது அவரிடம்தான். அடுத்தது, ரிவர்ஸ் எடுக்காமல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற இடம் வேண்டும். லோடு ஏற்றிய டிரெய்லரைக் கார் பார்க்கிங்கில் வைத்துத் திருப்ப முடியாது.

[தண்ணீர்த் தொட்டி, அருகில்]

மூன்றாவது இதுதான், தண்ணீர். ஒரு காலையில் இப்படி ஒரு தொட்டியருகே நாமக்கல் வண்டி ஓட்டுநர் ஒருவரைப் பார்த்தேன். குவளையால் மொண்டு மொண்டு குளித்துவிட்டு, லுங்கியை அலசி சைடு மிரரில் கட்டிக் காயப்போட்டார். வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே சின்ன கேஸ் அடுப்பு, அரிசி, வீட்டில் அரைத்துக் கொடுத்த மிளகாய்த்தூள். ஓட்டல் சாப்பாடு இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் வயிறு ஒத்துக்கொள்ளாது என்றார். ரசம் கொதிக்கும்போதே கம்பியை எடுத்து ஒவ்வொரு டயராகத் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டு வந்தார், சாப்பிட்டதும் லாரிக்கு அடியில் தூளி கட்டிப் படுத்துவிட்டார்.

சட்டம் என்ன சொன்னது? 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வரும்வரை இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி, 5 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தரவேண்டியிருந்தது, பொதுவாக ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றும் இருந்தது. ஐரோப்பாவில் நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம், அதை வண்டியில் இருக்கும் கருவியே பதிவு செய்கிறது. நம் ஊரில் சம்பளம் பெரும்பாலும் டிரிப் கணக்கு, நிறுத்தினால் நேரம் போகும், நேரம் போனால் அடுத்த லோடு போகும். இதற்கு நடுவே பகலில் கனரக வண்டிகளுக்குத் தடை உள்ள நகரம் என்றால், காலையில் வந்து சேர்ந்தவர் இரவு வரை ஊருக்கு வெளியே காத்திருக்கவேண்டும். எங்கே காத்திருப்பது என்று யாரும் சொல்வதில்லை.

அதனால்தான் சாலையோரத்தில் ஒதுங்குகிறார்கள். நிற்கிற லாரியின் பின்னால் கார் மோதியதாகச் செய்தி வந்தால் எல்லாரும் லாரிக்காரரைத் திட்டுகிறோம். பார்க்கிங் விளக்கு எரியாமல் நிறுத்தியது தப்புதான், ஆனால் அதற்கு முந்தைய ஐம்பது கிலோமீட்டரில் அவர் நிறுத்த ஓர் இடமாவது இருந்ததா என்பதையும் கேட்கவேண்டும் என்பது என் கருத்து.

மாற்றம் வராமல் இல்லை. எண்ணெய் நிறுவனங்கள் சில பெட்ரோல் பங்க்குகளில் ‘அப்னா கர்’ என்று ஓட்டுநர்களுக்கான ஓய்வில்லங்களைத் திறந்திருக்கின்றன, அங்கே படுக்கை, குளிக்க இடம், தானே சமைத்துக்கொள்ள அடுப்படிகூட உண்டு. அந்த அடுப்படியைத் திட்டமிட்டவர் ஓட்டுநர்களிடம் பேசியிருக்கவேண்டும் என்று நினைக்கிறேன், எனக்கு அது ரொம்பப் பிடித்தது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். பழைய வண்டிக்காரருக்கு இன்னும் தூளிதான்.

[தொப்பூர் கணவாய், மேலிருந்து]

இது தர்மபுரி தாண்டி வரும் தொப்பூர் இறக்கம், எத்தனையோ விபத்துகள் நடந்த இடம். தூக்கக் கலக்கத்தில் இதில் இறங்கவே கூடாது. இந்த வழியில் லாரி ஓட்டுகிறவர்கள், இறக்கத்துக்கு முன்னால் நீங்கள் எங்கே நிறுத்துகிறீர்கள், அங்கே தண்ணீர் இருக்கிறதா, இரவில் காவலுக்கு ஆள் உண்டா என்று எழுதுங்கள், அடுத்த வீடியோவில் அந்த இடங்களுக்கு நேரில் போய்ப் பார்க்கிறேன்.